ஆசிரியரின் மையும் எழுத்தாளரின் மொழியும்: ‘சரஸ்வதி’ இதழ் கதைகளை வாசித்த விதம் (1903–1920)

காசி நாகரி பிரசாரிணி சபையின் சேகரிப்பில் பழைய கையெழுத்துத் தாள்கள் சில கட்டுகளாக உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் ‘சரஸ்வதி’ என்னும் இந்தி மாத இதழுக்கு எழுத்தாளர்கள் அனுப்பிய படைப்புகளின் மூலத்தாள்கள் அவை. இதழாசிரியர் மகாவீர் பிரசாத் துவிவேதி அத்தாள்களின் மீதே திருத்தங்களைச் செய்தார். அச்சேறிய பின்னும் அவற்றை அழியவிடாமல் காத்து, பிற்காலத்தில் சபைக்கு அளித்தார். எழுத்தாளரின் வரிகளுக்கு மேலும் கீழும் ஓரங்களிலும் ஆசிரியரின் வரிகள் நெருங்கி நிற்கும் தாள்கள் அவற்றில் பல.

இந்திய மொழி இதழியல் வரலாற்றில் இத்தகைய சான்று அரிது. இதழாசிரியர் ஒருவர் வந்த கதையை எப்படி வாசித்தார், எதை ஏற்றார், எதை மாற்றினார் என்பதை அறிய ஆய்வாளருக்குப் பெரும்பாலும் எஞ்சுவது அச்சான பக்கம் ஒன்றே. தேர்வு நடந்ததற்கான தடயம் அச்சகத்தின் குப்பைக் கூடையோடு போய்விடும். ‘சரஸ்வதி’யின் தாள்கள் எஞ்சியிருப்பதால், ஒரு மொழியின் உரைநடை தரப்படும்போது அஞ்சலில் வந்த கதைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க முடிகிறது.

தமிழ் வாசகருக்குச் ‘சரஸ்வதி’ என்றதும் 1955-இல் வ. விஜயபாஸ்கரன் தொடங்கிய தமிழ் இதழே நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படும் இதழ் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. 1900 ஜனவரியில் அலகாபாத் இந்தியன் பிரஸ் உரிமையாளர் சிந்தாமணி கோஷ் அதைத் தொடங்கினார். முதலாண்டில் சியாம்சுந்தர் தாஸ், கிஷோரிலால் கோஸ்வாமி, ஜகந்நாத் தாஸ் ரத்னாகர் உள்ளிட்ட ஐவர் குழு ஆசிரியப் பொறுப்பை ஏற்றிருந்தது. அடுத்த இரண்டாண்டுகள் சியாம்சுந்தர் தாஸ் தனித்துக் கவனித்தார். 1903 ஜனவரியில் பொறுப்பு துவிவேதியிடம் வந்தது. 1920 வரை, இடையில் உடல்நலக் குறைவால் நேர்ந்த விடுப்பு நீங்கலாக, அவரே ஆசிரியர்.

துவிவேதி கல்லூரிப் பேராசிரியர் அல்லர். ரேபரேலி மாவட்டத்துத் தௌலத்பூர் என்னும் சிற்றூரில் 1864-இல் பிறந்து, ரயில்வேயில் தந்திப் பணி கற்று, படிப்படியாக உயர்ந்தவர். சம்ஸ்கிருதம், மராத்தி, வங்காளம், குஜராத்தி ஆகியவற்றைத் தம் முயற்சியால் பயின்றவர். 1904-இல் மேலதிகாரியோடு ஏற்பட்ட பிணக்கில் வேலையைத் துறந்தார். அதன்பின் மாதம் 20 ரூபாய் ஊதியமும் அஞ்சல் செலவுக்கு 3 ரூபாயும் அவர் பெற்றார் என்பது இந்தி இலக்கிய உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. அச்சகம் அலகாபாத்தில் இருக்க, ஆசிரியர் கான்பூரை அடுத்த ஜூஹியில் இருந்தார். கதைகள் ஜூஹிக்கு வந்தன. திருத்தம் பெற்று அலகாபாத்துக்குப் போயின. எழுத்தாளர், ஆசிரியர், அச்சகத்தார் ஆகிய மூவரையும் இணைத்தது அஞ்சல்காரரின் பை. முகம் பாராமல் எழுத்தை மட்டுமே எதிர்கொள்ள நேர்ந்த இந்த ஏற்பாடு, வாசிப்பின் இயல்பையும் ஓரளவு தீர்மானித்தது.

தம் பணிநெறிகளைத் துவிவேதி பின்னாளில் தன்வரலாற்றுக் குறிப்பொன்றில் நான்காக வகுத்துச் சொன்னார்: காலந்தவறாமை, உரிமையாளரின் நம்பிக்கையைப் பெறுதல், தம் லாப நட்டத்தைவிட வாசகரின் லாப நட்டத்தைக் கருதுதல், நியாயத்திலிருந்து வழுவாமை. இவற்றுள் முதலாவது தேர்வுமுறையோடு நேரடித் தொடர்புடையது. இதழ் குறித்த நாளில் வர வேண்டுமாயின் கையிருப்பு வேண்டும். தாம் நோயுற்றாலும் அச்சகம் நிற்கக் கூடாதென்று பல மாதங்களுக்கான படைப்புகளை அவர் முன்கூட்டியே செப்பனிட்டு வைத்திருந்தார். ஆகவே ஒரு கதை அவர் மேசைக்கு வந்ததும் எழுந்த முதல் வினா, ‘இது சிறந்ததா’ என்பதைவிட, ‘இதைச் செப்பனிட முடியுமா, எவ்வளவு உழைப்பில்’ என்பதாக இருந்திருக்க வேண்டும். எஞ்சியுள்ள தாள்கள் அப்படித்தான் எண்ண வைக்கின்றன. அடியோடு நிராகரித்திருக்கக் கூடிய எழுத்துகளை அவர் வரிவரியாகப் புதுப்பித்து அச்சேற்றியிருக்கிறார். ‘சரஸ்வதி’யில் தேர்வு என்பதும் திருத்தம் என்பதும் ஒரே செயலின் இரு முனைகள்.

இது ஏன் தேவைப்பட்டது என்பதை உணர 1900-ஆம் ஆண்டின் இந்தி உரைநடையை நினைவில் கொள்ள வேண்டும். செய்யுளுக்கு இன்னும் பிரஜ் மொழியே உரியது என்று வலுவான தரப்பு வாதிட்டுக்கொண்டிருந்தது. உரைநடைக்குக் கடீ போலி என்பது ஏறத்தாழ ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தாலும், எந்தக் கடீ போலி என்பதில் ஒருமை இல்லை. ஒரே வினைவடிவத்தை ஒருவர் ‘கரே’ என்றும் இன்னொருவர் ‘கரை’ என்றும் எழுதினர். ‘உஸ்கா’ என்னும் சொல்லை மெய்யெழுத்துகளை இணைத்துக் கூட்டெழுத்தாகச் சிலர் எழுத, பிரித்துச் சிலர் எழுதினர். வேற்றுமை உருபைப் பெயரோடு சேர்த்தெழுதுவதா, இடம்விட்டு எழுதுவதா என்பது தனிப் பெரும் சர்ச்சை. சேர்த்தெழுதுவதை ஆதரித்துக் கோவிந்த் நாராயண் மிஸ்ரா வேற்றுமை பற்றியே ஒரு நூல் எழுதினார். எழுதுவோரில் ஒருவர் போஜ்புரி வீட்டிலிருந்து வந்தார், ஒருவர் அவதியிலிருந்து, ஒருவர் உருதுக் கல்வியிலிருந்து, ஒருவர் வங்காளக் குடும்பத்திலிருந்து. ஒவ்வொருவரின் இந்தியிலும் அவரவர் வீட்டின் வாடை இருந்தது. அவ்வாடையை நீக்கி எல்லோர்க்கும் பொதுவான ஒரு நடையை மாதந்தோறும் அச்சில் காட்டுவதே துவிவேதி ஏற்ற வேலை.

அதில் அவர் மரபுவாதியாக இருக்கவில்லை. ஒரு சொல் அரபியா, பாரசீகமா, துருக்கியா என்று தாம் பார்த்ததில்லை, பெரும்பாலான வாசகர்க்குப் பொருள் விளங்குமா என்பதையே பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். சம்ஸ்கிருதப் புலமையையும் தூய்மையையும் ஒன்றாகப் பாவித்த காலத்தில் இது குறிப்பிடத்தக்க நிலைப்பாடு. ஆயினும் ‘பெரும்பாலான வாசகர்’ என்பவர் யார்? அவர் எந்த ஊர்ப் பேச்சையும் முழுமையாகப் பேசாதவர். எந்த ஊரிலும் ஒருவாறு விளங்கும் மொழியைப் படிப்பவர். அத்தகைய வாசகர் இதழுக்கு முன்பே இருந்தார் என்பதைவிட, இதழ்தான் அவரை உருவாக்கியது என்பது பொருந்தும்.

இந்த அதிகாரத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1905 நவம்பர் இதழில் துவிவேதி மொழியும் இலக்கணமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தியின் நிலையின்மையைச் சுட்டிய அவர், பாரதேந்து ஹரிச்சந்திரர் உட்பட முன்னோடிகளின் வாக்கியங்களையே பிழைக்கு உதாரணமாகக் காட்டினார். நிலையின்மையைக் குறிக்க அவர் கையாண்ட சொல் ‘அனஸ்திரதா’. சம்ஸ்கிருத விதிப்படி எதிர்மறை முன்னொட்டு உயிரெழுத்துக்கு முன் ‘அன்’ என்றும் மெய்யெழுத்துக்கு முன் ‘அ’ என்றும் வரும். ஆகவே ‘அஸ்திரதா’ என்பதே முறையான வடிவம். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘பாரத் மித்ரா’வின் ஆசிரியர் பால்முகுந்த் குப்தா இதைப் பற்றிக்கொண்டார். ‘ஆத்மாராம்’ என்னும் புனைபெயரில் தொடர் கட்டுரைகள் எழுதி, பிறர் பிழையைத் திருத்த வந்தவரின் பிழையை ஊரறியச் செய்தார். கேலியின் அடியில் கிடந்த வினா கூர்மையானது: வழக்கில் வேரூன்றிய எழுத்தாளனின் மொழியைத் திருத்தும் உரிமையை இதழாசிரியருக்கு அளித்தவர் யார்?

துவிவேதியின் பதில்களுள் ஒன்று வியப்புக்குரியது. 1906-இல் ‘கல்லூ அல்ஹைத்’ என்னும் பெயரில் ‘சரஸ்வதி’யில் ஒரு செய்யுள் வந்தது. ஆல்ஹா என்னும் நாட்டார் வீரகதைப் பாடல் மெட்டில், துவிவேதியின் சொந்த ஊர்ப் பேச்சான பைஸ்வாரி அவதியில், எதிர்த்தரப்பைக் கிண்டல் செய்தது அது. எழுதியவர் துவிவேதியே. பொதுமொழிக்காகப் பிறரின் வட்டாரச் சாயலை மாதந்தோறும் நீக்கியவர், தமக்குக் கோபம் வந்தபோது தாய்மொழிக்குத் திரும்பினார். ஆனால் தம் பெயரில் அன்று. ஒரு நாட்டுப்புறப் பாடகரைக் கற்பித்து, அவர் வாயில் அம்மொழியை வைத்தார். ‘சரஸ்வதி’ கதைகளைத் தேர்ந்த விதியின் சாரம் இதில் அடங்கியிருக்கிறது. எழுதுபவரின் குரல் பொதுமொழியில் இருக்க வேண்டும். வட்டாரமொழி உள்ளே வரலாம், ஆனால் பிறர் வாய்ச்சொல்லாகவே வர வேண்டும்.

இதழில் வெளிவந்த கதைகள் இவ்விதியை உறுதி செய்கின்றன. தொடக்க ஆண்டுகளில் தழுவல்களும் மொழிபெயர்ப்புகளும் மிகுதி. 1900-இல் வந்த கிஷோரிலால் கோஸ்வாமியின் ‘இந்துமதி’யில் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகச் சாயலை விமர்சகர்கள் கண்டனர். கிரிஜாகுமார் கோஷ் ‘லாலா பார்வதிநந்தன்’ என்னும் பெயரில் வங்காளக் கதைகளை மொழிபெயர்த்தார். மூலக் கதைகள் மெல்லவே வந்தன. 1907-இல் ‘பங்க மகிளா’ என்னும் பெயரில் ராஜேந்திரபாலா கோஷ் எழுதிய ‘துலாயீவாலி’ வெளியானது. ரயில் பயணத்தில் ஒரு நண்பர் போர்வை போர்த்திப் பெண்வேடமிட்டுச் செய்யும் குறும்பே அக்கதை. எழுதியவர் வங்காளப் பெண். கதைசொல்லி பேசுவது சீரான கடீ போலி. மாந்தர் பேசுவதில் காசி வட்டாரப் பேச்சு ஒலிக்கிறது. விவரிப்புக்கு ஒரு மொழி, உரையாடலுக்கு வேறொரு மொழி என்னும் பிரிவு இங்கே தெளிவாகத் தெரிகிறது. நவீன இந்தியச் சிறுகதை பலவற்றில் இன்று இயல்பாகத் தோன்றும் இப்பிரிவு, இந்தியில் ஓர் இதழ்மேசையின் நடைமுறையோடு சேர்ந்தே நிலைபெற்றது.

1914 செப்டம்பரில் ஹீரா டோம் என்பவரின் போஜ்புரிக் கவிதை ஒன்றைத் துவிவேதி வெளியிட்டார். தீண்டத்தகாதவன் ஒருவன் இறைவனிடமும் சமூகத்திடமும் முறையிடும் கவிதை அது. இந்தி தலித் இலக்கிய வரலாறுகள் அதனைத் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. கடீ போலிக்காகப் போராடிய இதழ் போஜ்புரியை அப்படியே அச்சிட்டது முரணாகத் தோன்றலாம். ஆயினும் அக்கவிதை முழுவதும் ஒருவரின் முறையீடு. அதாவது தொடக்கம் முதல் இறுதிவரை வாய்ச்சொல். அதைப் பொதுமொழிக்கு மாற்றினால் முறையிடுபவரே மறைந்துவிடுவார். திருத்தக் கூடாத இடத்தை அறிந்திருந்ததும் அந்த ஆசிரியரின் வாசிப்பில் ஒரு பகுதி என்று கொள்ளலாம்.

அவ்விதியின் எல்லைவரை சென்ற கதை 1915 ஜூன் இதழில் வந்தது. சந்திரதர் சர்மா குலேரியின் ‘உஸ்னே கஹா தா’, அதாவது ‘அவள் சொல்லியிருந்தாள்’, இன்றும் இந்தியின் தலைசிறந்த கதைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அமிர்தசரஸ் கடைத்தெரு வண்டிக்காரர்களின் பேச்சோடு தொடங்கி, பிரான்ஸில் முதல் உலகப் போர்ப் பதுங்குகுழியில் சீக்கிய வீரர்களின் பஞ்சாபி கலந்த உரையாடலுக்குச் செல்கிறது கதை. அங்கே ஆங்கில அதிகாரியின் உடையில் ஒரு ஜெர்மானிய ஒற்றன் வருகிறான். லஹ்னா சிங் அவனை இனங்காணும் அடையாளங்களுள் ஒன்று மொழி. வந்தவனின் உருது சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஏட்டில் கற்றதாக இருக்கிறது. வட்டார வாடை இல்லாத சீரான மொழியே அயலானைக் காட்டிக்கொடுக்கிறது. ஏட்டுமொழியைச் சீராக்குவதையே பணியாகக் கொண்ட இதழில், ஏட்டுமொழியைச் சந்தேகிக்கும் கதை ஒன்று இடம்பெற்றது. குலேரி சம்ஸ்கிருதத்திலும் பழைய இந்தியிலும் ஆழ்ந்த மொழியறிஞர் என்பதை நினைத்தால் இது தற்செயல் என்று தோன்றவில்லை. அக்கதையை ஏற்ற ஆசிரியர், தம் விதியைவிட அகன்ற வாசிப்பு உடையவராகவும் இருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

திருத்தம் கதைக்கு ஆக்கம் தந்ததும் உண்டு. உருது எழுத்தாளராகப் பெயர்பெற்ற பிரேம்சந்த், 1915 இறுதியில் ‘சரஸ்வதி’ வழியாக இந்தி வாசகரிடம் வந்தார். அடுத்த ஆண்டு அவர் அனுப்பிய கதையின் தலைப்பு ‘பஞ்சோ(ன்) மே(ன்) ஈஷ்வர்’, அதாவது ‘பஞ்சாயத்தாரிடத்தில் இறைவன்’. துவிவேதி அதனைப் ‘பஞ்ச் பரமேஷ்வர்’ என்று மாற்றினார் என்று இந்தி இலக்கிய வரலாறு பதிவு செய்கிறது. இலக்கண நோக்கில் மாற்றம் சிறியது: இடவேற்றுமை உருபு மறைந்து, இரு பெயர்கள் அருகருகே நின்றன. பொருளில் மாற்றம் பெரியது. முதல் தலைப்பில் இறைவன் பஞ்சாயத்தாருக்குள் உறைகிறான். இரண்டாவதில் பஞ்சாயத்தாரே இறைவன். நீதி சொல்லும் இருக்கையில் அமர்ந்ததும் அல்கூ சௌதரியும் ஜும்மன் ஷேக்கும் தம் நட்பையும் பகையையும் மறந்து வேறு மனிதராகிவிடும் கதைக்கு இரண்டாவதே பொருந்தும். அத்தொடர் ஊரார் வாயில் ஏற்கெனவே பழமொழியாக வழங்கியது. இங்கு ஆசிரியரின் மை எழுத்தாளரை மக்கள் வழக்கை நோக்கித் திருப்பியது. திருத்தம் எப்போதும் வழக்கிலிருந்து ஏட்டை நோக்கியே நகரும் என்னும் பொதுக்கருத்தை இந்த ஒரு தலைப்பு மறுக்கிறது.

துவிவேதியின் திருத்த நெறி காலப்போக்கில் இதழின் எல்லையைக் கடந்தது. காமதா பிரசாத் குரு எழுதிய இந்தி இலக்கணத்தை 1920-ஐ ஒட்டிச் சபை வெளியிட்டது. அதனைச் சீர்பார்த்த குழுவில் துவிவேதியும் குலேரியும் ராமச்சந்திர சுக்லாவும் இருந்தனர். சுக்லா ‘சரஸ்வதி’க்குக் கதையும் எழுதியவர், அவருடைய ‘பதினோராண்டுக் காலம்’ 1903-இல் வெளிவந்தது. அவரே 1929-இல் இந்தி இலக்கிய வரலாற்றை எழுதியபோது, முதல் சிறுகதை எது என்னும் வினாவுக்குச் ‘சரஸ்வதி’யின் தொடக்க ஆண்டுக் கதைகளையே பட்டியலிட்டார், அதில் அவருடைய கதையும் இருந்தது. கதையைத் தேர்ந்தவர், எழுதியவர், இலக்கணத்தைச் சரிபார்த்தவர், வரலாற்றை எழுதியவர் எல்லோரும் ஒரு சிறு வட்டத்தினர். இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. நூல்களும் நிறுவனங்களும் குறைவாக இருந்த காலத்தின் நிலை அது. ஆனால் ஆய்வாளர் இதனை மறந்துவிட முடியாது. ‘முதல் சிறுகதை’ பற்றிய விவாதம், பெருமளவில், ஓர் இதழ் எதை ஏற்றது என்பதன் எதிரொலி.

இதிலிருந்து எழும் முறையியல் சிக்கலே இத்தாள்களின் தலையாய பயன். 1903–1920 காலத்து இந்தி உரைநடை எவ்வாறு ஒருமைப்பட்டது என்று ஆராய்பவர் இயல்பாகவே இதழ்ப் பக்கங்களைத் தரவாகக் கொள்கிறார். ‘கரை’ குறைந்து ‘கரே’ பெருகியதைக் கணக்கிட்டு, எழுத்தாளர்கள் படிப்படியாகப் பொதுநடைக்கு வந்தனர் என்று முடிவு சொல்லலாம். அம்முடிவு தவறாக இருக்கலாம். எழுத்தாளர்கள் முன்போலவே எழுதிக்கொண்டிருக்க, ஒருவரே எல்லோருக்காகவும் மாறிக்கொண்டிருந்தார் என்பதும் அதே எண்ணிக்கையைத் தரும். அச்சுப்பக்கம் காட்டுவது எழுத்தாளர் எழுதியதை அன்று, ஆசிரியர் வாசித்ததை. இரண்டையும் பிரித்தறிய மூலத்தாள் வேண்டும். பழைய சுவடிகளைப் பதிப்பிப்போர் பாடபேதம் காட்டுவதைக் கடமையாகக் கொள்வர். நவீன இதழ்க் கதைகளுக்கு அக்கடமை இருப்பதாக நாம் எண்ணுவதே இல்லை. அச்சில் வந்ததே எழுத்தாளரின் பாடம் என்று கொண்டு நடையியல் ஆய்வுகளும், இப்போது கணினித் தரவகங்களும் உருவாகின்றன.

எஞ்சிய தாள்களும் முழுக் கதையைச் சொல்வதில்லை. ஏற்கப்பட்டுத் திருத்தப்பட்டவை கட்டுகளில் இருக்கின்றன. ஏற்கப்படாதவை எழுதியவரிடமே திரும்பிச் சென்றன, அல்லது தொலைந்தன. செப்பனிட முடியாதது என்று ஒதுக்கப்பட்ட கதைகளில் எவ்வளவு திறமையின்மை இருந்தது, எவ்வளவு அவதியும் போஜ்புரியும் பிரஜும் இருந்தன என்பதை அளக்க வழியில்லை. துவிவேதியின் உழைப்பையும் நேர்மையையும் ஐயுறாமலே இந்த இழப்பைக் குறித்துவைக்கலாம்.

1954-இல் பாட்னாவில் வெளிவந்த பணீஷ்வர்நாத் ரேணுவின் ‘மைலா ஆஞ்சல்’ நாவலில் பூர்ணியா வட்டாரத்தின் பேச்சும் பாட்டும் மேற்கோள் குறிகளுக்குள் அடங்காமல் கதைசொல்லியின் வாக்கியங்களுக்குள்ளேயே பரவின. துவிவேதியின் மேசையில் வகுக்கப்பட்ட எல்லை அங்கே உடைந்தது. அது உடைவதற்கு ஓர் எல்லை முதலில் இருக்க வேண்டியிருந்தது. அதை இட்டவர் ஜூஹியில் அமர்ந்து மாதந்தோறும் பிறர் கதைகளைப் படித்தவர். தம் திருத்தங்களை மறைத்துவிட அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. தாள்களைப் பாதுகாத்ததன் மூலம், தாம் எங்கே தலையிட்டோம் என்பதைப் பின்வருவோர் சரிபார்க்கும் வழியை அவரே விட்டுச் சென்றார். இன்று இதழாசிரியர்கள் கணினிக் கோப்பில் திருத்தி, பழைய வடிவத்தின் மீதே சேமித்துவிடுகிறார்கள். நூறாண்டு கழித்து இக்காலத்துக் கதைமொழியை ஆராய வருபவர், எழுத்தாளரின் மொழியையும் ஆசிரியரின் மொழியையும் எதைக் கொண்டு பிரித்தறிவார்?